யூவி ஃபில்டரும் எல்லை மலைகளின் நீல மங்கலும்

இடுக்கி மாவட்டத்தின் இராமக்கல்மேட்டில் விளிம்புவரை சென்று கிழக்கே நோக்கினால், கேரளத்தின் தரை சட்டென்று முடிந்து, பல நூறு மீட்டர் கீழே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் கோம்பை, தேவாரம் போன்ற ஊர்களும் வெறுங்கண்ணுக்கு ஓரளவு பிரிந்தே தெரியும். அதே காட்சியைப் படமெடுத்துத் திரையில் பார்த்தால், அனைத்தும் சாம்பல் கலந்த ஒரு நீலப் படலத்துக்குள் அமிழ்ந்து போயிருக்கும். இந்தப் படலத்தை அகற்றித் தரும் என்ற பேச்சோடுதான் யூவி ஃபில்டர் எனப்படும் புற ஊதா வடிகட்டி பல பத்தாண்டுகளாக விற்கப்பட்டு வருகிறது. பொள்ளாச்சியிலோ நாகர்கோவிலிலோ லென்ஸ் வாங்கப் போகிறவரிடம், பணத்தை எண்ணி முடிப்பதற்குள், “யூவி ஒண்ணு போட்டுடலாமா சார்?” என்று கேட்காத கடை அரிது. அந்தக் கேள்விக்கு ஃபிலிம் காலத்தில் இருந்த பொருள் வேறு. இன்று இருக்கும் பொருள் வேறு. அந்த வட்டக் கண்ணாடி தான் பிறந்த வேலையை எப்போதோ இழந்துவிட்டது என்பதும், இன்று அதற்கு எஞ்சியிருப்பது லென்ஸுக்குக் காவல் நிற்கும் வேலை மட்டுமே என்பதும், அந்தக் காவலும் எல்லா இடத்திலும் தேவைப்படுவதில்லை என்பதும் என் கணிப்பு. இதற்கான காரணங்களை ஒளியின் இயல்பிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.

மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்டது. 400-க்குக் கீழே 100 வரை உள்ளது புற ஊதா. அதில் 280-க்குக் கீழான பகுதியை ஓசோனும் ஆக்சிஜனும் முழுவதும் உறிஞ்சிவிடுகின்றன. 280 முதல் 315 வரையிலான பகுதியில் சிறு பங்கே தரைக்கு வருகிறது. எனவே நம்மீது விழும் புற ஊதாவில் பெரும்பகுதி 315-க்கும் 400-க்கும் இடைப்பட்டதாகும். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தை 1871-இல், பின்னாளில் ராலே பிரபு எனப்பட்ட ஜான் வில்லியம் ஸ்ட்ரட் கணக்கிட்டுக் காட்டினார். சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. இதன்படி 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்குச் சற்று மேலாகச் சிதறும்; 350 நானோமீட்டர் புற ஊதாவோ 700 நானோமீட்டர் சிவப்பைவிடப் பதினாறு மடங்கு சிதறும். பார்ப்பவருக்கும் தொலைவில் உள்ள மலைக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் காற்று இருக்கிறதோ, அத்தனை கிலோமீட்டரிலும் சிதறிய ஒளி மலையிலிருந்து வரும் ஒளியோடு கலந்து கேமராவுக்குள் நுழைகிறது. அடுத்தடுத்த மலைத்தொடர்கள் ஒன்றைவிட ஒன்று வெளிறிப் போவதும், தொலைவு கூடக்கூட நீலம் ஏறுவதும் இதனால்தான்.

சிதறலில் புற ஊதாவின் பங்கு எவ்வளவு பெரிது என்பதைப் படமாகவே காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். சாதாரணக் கண்ணாடி வழியே அந்த அலைகள் நுழையா என்பதால், குவார்ட்ஸ் லென்ஸின்மீது மெல்லிய வெள்ளிப் பூச்சிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளி அனைத்தையும் தடுத்துவிட்டு, புற ஊதாவை மட்டும் உள்ளே விட்டு அவர் நிலக்காட்சிகளை எடுத்தார். 1910-இல் அவர் வெளியிட்ட அப்படங்களில் தொலைவுக் காட்சி முழுதாக மறைந்து போயிருந்தது. அதைவிட வியப்பானது, நல்ல வெயிலில் நிற்கும் மனிதருக்கு அவற்றில் நிழலே விழவில்லை. நேரே சூரியனிலிருந்து வரும் புற ஊதாவைவிட, வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் புற ஊதா மிகுந்திருந்ததே அதற்குக் காரணம். அதே வுட் அகச்சிவப்பிலும் படங்கள் எடுத்தார். அவற்றில் வானம் கறுத்து, இலைகள் வெளுத்து, தொலைவு துல்லியமாகத் தெரிந்தது. ஒரே நிலம் நிறமாலையின் ஒரு முனையில் மூடியும் மறு முனையில் திறந்தும் காட்சி தந்தது.

ஃபிலிமுக்கு இது வெறும் ஆய்வகச் செய்தியாக இருக்கவில்லை. ஃபிலிமின் உயிரான வெள்ளி ஹாலைடு படிகங்கள் இயல்பிலேயே நீலம், ஊதா, புற ஊதா ஆகியவற்றுக்கு மட்டுமே உணர்வுடையவை. 1873-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் வோகல் சாயங்களைச் சேர்த்து அந்த உணர்வைப் பச்சைப் பக்கம் நீட்டினார்; பின்னர் சிவப்பும் சேர்ந்தது. ஆயினும் புற ஊதா மீதான பிறவி உணர்வு போய்விடவில்லை. பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் வானம் மேகமே இல்லாததுபோல் வெள்ளைத் தாளாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1935-இல் கோடாக்ரோம் வந்து வண்ணப் படம் பரவத் தொடங்கியபோது இந்தக் குறை வேறு உருவில் வெளிப்பட்டது. வண்ண ஃபிலிமில் நீலத்தைப் பதியும் அடுக்கே மேலே இருப்பது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் அது நீலமாகவே எண்ணிப் பதிந்துகொண்டது. விளைவாக, மலைமேலும் கடற்கரையிலும் எடுத்த படங்களில், எடுத்தவர் கண்டிராத ஒரு நீலச்சாயல் நிழல்களிலும் தொலைவிலும் ஏறியிருந்தது. சாதாரண லென்ஸ்களின் நிறப்பிழைத் திருத்தம் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கெனச் செய்யப்பட்டது. புற ஊதா அதே இடத்தில் குவியாததால் துல்லியமும் சற்றுக் குறைந்தது.

இங்கே கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லென்ஸின் கண்ணாடிகளே புற ஊதாவின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. பல கண்ணாடிகளை ஒட்டி அமைத்த லென்ஸ்களில் ஏறத்தாழ 350 நானோமீட்டருக்குக் கீழே உள்ளது எதுவும் பொருட்படுத்தும் அளவில் ஃபிலிமை எட்டுவதில்லை. ஆகவே ஃபில்டர் தடுக்க வேண்டியிருந்தது 350-க்கும் 400-க்கும் இடைப்பட்ட ஒரு மெல்லிய கீற்றை மட்டுமே. அந்தக் கீற்றில் எங்கே வெட்டுவது என்பதில்தான் ஃபில்டர்களுக்குள் வேறுபாடு. நிக்கானின் எல்37 ஏறத்தாழ 370 நானோமீட்டரிலும், எல்39 ஏறத்தாழ 390-இலும் வெட்டின. கோடாக் 1912-இல் வாங்கிய ரேட்டன் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய வரிசையில் 2பி என்பது 390-க்கும், 2ஏ என்பது 405-க்கும் கீழானவற்றைத் தடுத்தன. 400-ஐத் தாண்டி வெட்டும் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஊதாவிலும் கை வைப்பதால், வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் இளமஞ்சள் தெரியும். ஸ்கைலைட் என்ற பெயரில் விற்றது சற்றே இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. நீலத்தைக் குறைத்து முகங்களுக்கு வெதுவெதுப்பான நிறம் தருவது அதன் நோக்கம். பின்னாளில் வண்ண ஃபிலிம்களிலேயே புற ஊதாவை உறிஞ்சும் மேற்பூச்சு வந்தபோது, இந்த ஃபில்டர்களின் தேவை பாதியாவது குறைந்துவிட்டது. இருந்தும் ஃபிலிம் ரோலோடு மலையேறிய தலைமுறைக்கு யூவி ஃபில்டர் ஒரு மூடநம்பிக்கையாக இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் படத்தில் அது உண்மையாகவே ஒரு மாற்றத்தைச் செய்தது.

டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்தக் கணக்கு முடிந்துபோயிற்று. ஃபிலிமின் இடத்தில் ஒளியைப் பதியும் சென்சாரின் மூலப்பொருளான சிலிக்கான், புற ஊதாவிலிருந்து ஏறத்தாழ 1100 நானோமீட்டர் அகச்சிவப்பு வரை உணரக்கூடியது. அதை அப்படியே விட்டால் நிறங்கள் குழம்பிவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடிப் படலம் ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுகிறார்கள். அதற்கும் உள்ளே, கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற சிவப்பு, பச்சை, நீல வண்ணக் கட்டங்கள் இருக்கின்றன. லென்ஸ் கண்ணாடி, தடுப்புப் படலம், வண்ணக் கட்டம் ஆகிய மூன்றையும் தாண்டிப் புற ஊதா படத்தில் தடம் பதிப்பது அரிதினும் அரிது. லென்ஸின் முனையில் இன்னொரு புற ஊதாத் தடுப்பைத் திருகுவது, ஏற்கெனவே பூட்டிய கதவுக்கு வெளியே இன்னொரு பூட்டைத் தொங்கவிடுவதுதான். இதற்கு விதிவிலக்காகப் பேசப்படும் கேமரா ஒன்று உண்டு: 2006-இல் வந்த லைக்கா எம்8. அதன் உள்தடுப்பு மிக மெல்லியதாக இருந்ததால் கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் கத்தரிப்பூ நிறத்தில் பதிந்தன. லென்ஸில் யூவி, ஐஆர் (அகச்சிவப்பு) இரண்டையும் தடுக்கும் ஃபில்டர் மாட்ட வேண்டியதாயிற்று. அங்கும் கோளாறு செய்தது அகச்சிவப்புதான்.

மலை உயரம் கூடக்கூடப் புற ஊதா மிகும் என்பது உண்மையே. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போடியில் இருப்பதைவிட 2,000 மீட்டருக்கு மேலே உள்ள கொழுக்குமலையில் அது கணிசமாகக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் சுடுவது படமெடுப்பவரின் கன்னத்தையும் கழுத்தையும்தான், கேமராவை அன்று. ஃபில்டருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை வெயில் களிம்புக்கு ஒதுக்குவது பயனுள்ள செலவு.

அப்படியானால் இராமக்கல்மேட்டுப் படத்தில் தெரியும் அந்த நீலப் படலம் எது? அதில் இரண்டு வகை கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறியாமல் பேசுவதால்தான் குழப்பம் நீடிக்கிறது. முதலாவது, மேலே சொன்ன மூலக்கூறுச் சிதறல். அதன் நீலம் கண்ணுக்குத் தெரியும் நீலமே. 420-லிருந்து 490 வரையிலான அந்த ஒளியைத் தடையின்றி உள்ளே விடும்படிதான் யூவி ஃபில்டர் செய்யப்படுகிறது. அதைத் தடுக்க முயன்றால் படமே மஞ்சளாகிவிடும். இரண்டாவது, காற்றில் மிதக்கும் நீர்த்திவலை, தூசு, புகை ஆகியவற்றின் சிதறல். ஒளியின் அலைநீளத்துக்கு இணையாகவோ அதைவிடப் பெரிதாகவோ உள்ள துகள்கள் எவ்வாறு சிதறடிக்கின்றன என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்தாவ் மீ 1908-இல் விளக்கினார். துகள் பெரிதாகப் பெரிதாக, சிதறல் நிறபேதம் பார்ப்பதில்லை. எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் மூட்டம் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிகிறது. வால்பாறையின் தேயிலைச் சரிவில் இறங்கும் மஞ்சு வெண்மையாக இருப்பது இதனால். அந்த வெண்மையில் புற ஊதாவை மட்டும் கழித்தால் மிஞ்சுவதும் அதே வெண்மைதான்.

இந்த இரண்டின் விகிதம் எல்லைப் பகுதியில் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. சனவரி கழிந்து மழை இல்லாத மாதங்களில், காய்ந்த புல்லில் பிடிக்கும் தீயின் புகையும், சமவெளியிலிருந்து எழும் தூசும், காற்று அசையாத காலைகளில் பள்ளத்தாக்குக்குள்ளேயே தேங்கி நிற்கின்றன. அப்போது கம்பம் பள்ளத்தாக்கு பழுப்பேறிய பாலாடைபோல மூடிக் கிடக்கும். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் நிலைமை திரும்புகிறது. மலையின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, எல்லை தாண்டி மழை மறைவுப் பகுதிக்குள் இறங்கும் காற்று தூசைக் கழுவியும் துடைத்தும் விட்டிருக்கும். சூன், சூலையில் இராமக்கல்மேட்டின் காற்று நிற்பவரையே தள்ளும் என்பது வேறு தொல்லை. ஆனால் மழை விட்ட இடைவெளியில் கிடைக்கும் தெளிவை எந்தக் கண்ணாடியும் விலைக்குத் தராது. நடுப்பகலில் தொலைநோக்கு லென்ஸால் கீழே எடுக்கும்போது உருவங்கள் நெளிவது மூட்டமே அன்று. சூடான தரையிலிருந்து எழும் காற்றின் கானல். அதற்கும் ஃபில்டருக்கும் தொடர்பில்லை.

மூலக்கூறுச் சிதறலை உண்மையாகவே குறைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அது கடைகளில் சிபிஎல் என்று கேட்டு வாங்கப்படும் போலரைசர். காற்றில் சிதறிய ஒளி, சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தான திசையில் மிகுதியாக முனைவாக்கம் பெற்றிருக்கும்; அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். முனைவாக்கம் பெற்ற அந்த ஒளியைப் போலரைசரைச் சுழற்றி அணைத்துவிடலாம். மலையிலிருந்து நேரே வரும் ஒளி பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று என்பதால் தப்பிவிடும். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. இராமன், இதே தன்மையுடைய நிக்கோல் பட்டகத்தைக் கண்முன் பிடித்து, கடல்மேல் பிரதிபலிக்கும் வானொளியை அணைத்துப் பார்த்தபோதுதான், கடலின் நீலம் வானத்திடம் கடன் வாங்கியதன்று, நீரின் சொந்தச் சிதறல் என்பதைக் கண்டுகொண்டார். புகைப்படக்காரர் மலைக்குச் செய்வது அதைப்போன்ற செயலே.

ஆனால் போலரைசர் எல்லாத் திசையிலும் வேலை செய்யாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். இராமக்கல்மேட்டிலிருந்து கிழக்கே பார்ப்பவருக்குக் காலையில் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கிறது. மாலையில் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு வேளையும் செங்குத்துக் கோணம் அமையாததால் சிபிஎல் அங்கே ஏறத்தாழ வெறும் கண்ணாடிதான். சூரியன் உச்சியை நெருங்கும்போது தொடுவானம் முழுவதும் அதற்குச் செங்குத்தாக அமைவதால் ஃபில்டர் உயிர்பெறும். ஆனால் அப்போது நிழல்கள் குறுகி, நிலத்தின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். மாறாக, நெல்லியாம்பதியின் சீதார்குண்டு விளிம்பிலிருந்து வடக்கே கொல்லங்கோட்டு வயல்களையும் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியையும் நோக்குபவருக்கு, காலை மாலை இரண்டிலும் சூரியன் பக்கவாட்டில் வருகிறது. ஒளி சாய்வாகவும் இருக்கும், சிபிஎல்லும் முழு வலிமையோடு இருக்கும். அதன் விலை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை ஒளி இழப்பு; ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாகக் குறைவது. அகலக் கோண லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும் ஆபத்தும் உண்டு. நீர்த்திவலையின் வெண்மூட்டத்தில் இதுவும் பெரிதாக உதவாது.

கருப்பு வெள்ளையில் எடுப்பவர்களுக்கு வழி எளிது. ரேட்டன் வரிசையின் 8 என்ற மஞ்சளோ, 21 என்ற ஆரஞ்சோ, 25 என்ற சிவப்போ நீலத்தையே வெட்டிவிடுவதால் தொலைவு படிப்படியாகத் தெளிகிறது. டிஜிட்டலில் வண்ணமாக எடுத்துவிட்டு, கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீல அலைவரிசையைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினாலும் ஏறத்தாழ அதே பலன் கிட்டும். டீஹேஸ் என்ற பெயரில் மென்பொருள்களில் உள்ள கருவி, படலத்தை அகற்றுவதில்லை. எஞ்சியிருக்கும் சிறு வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது. ஜேபெக் கோப்பைவிட, சென்சார் பதிந்ததை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் அதற்கு இடம் அதிகம். அளவு மீறினால் வானத்தில் புள்ளியும் கறையும் எழும்.

யூவி ஃபில்டர் நன்மை செய்யவில்லை என்றாலும் தீமையாவது செய்யாதிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். இரண்டு முகங்களுக்கும் சேர்த்து 8 விழுக்காடு. பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல ஃபில்டரில் ஒரு முகத்துக்கு அரை விழுக்காடும் இராது. பகலில், சூரியனை முதுகில் வைத்து எடுக்கும் படத்தில் மலிவான ஃபில்டர்கூடக் கண்ணில் படாது. கொழுக்குமலையில் விடியலை எடுக்கும்போது அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். சூரியநெல்லியிலிருந்து இருட்டிலேயே ஜீப்பில் ஏறி வந்து, கீழே பரந்த மேகத்துக்குமேல் எழும் சூரியனை நேரே நோக்கிக் கேமராவை வைக்கும் நேரத்தில், ஃபில்டரில் திரும்பிய ஒளி படம் முழுவதும் பரவி, நிழல்களின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். மூட்டத்தை நீக்குவதற்கென மாட்டிய பொருளே மூட்டத்தை உண்டாக்குவதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

இரவு விளக்குகளில் வேறொரு குறும்பு நேரும். விளக்கின் உருவம் சென்சாரில் விழுந்து, அதன் பளபளப்பான பரப்பில் பட்டு லென்ஸ் வழியே வெளியே திரும்பி, ஃபில்டரின் தட்டையான பின்முகத்தில் மோதி மீண்டும் உள்ளே வந்து, படத்தின் மையத்துக்கு நேரெதிர்ப் புறத்தில் தலைகீழாகப் பதியும். திருவிழா இரவில் தீப வரிசையை எடுத்தவருக்கு, இருண்ட வானத்தில் பச்சையாக இன்னொரு தீப வரிசை கிடைக்கும். லென்ஸின் முன்கண்ணாடி பொதுவாக வளைந்திருப்பதால் இந்தப் பிரதிபலிப்பைச் சிதற விட்டுவிடுகிறது. ஃபில்டர் தட்டையாக இருப்பதுதான் அதன் குற்றம். பல அடுக்குப் பூச்சு இதைக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது. வால்பாறை புதுத்தோட்டத்தில் சோலைமந்தியையோ, உயர மரத்தில் இருவாச்சியையோ நீண்ட லென்ஸால் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள்: இரண்டு முகங்களும் சரியான இணையாகத் தேய்க்கப்படாத மலிவுக் கண்ணாடி, 300 மி.மீ.க்கு மேல் இறகின் இழைகளைக் குழப்பிவிடும். 600 மி.மீ. போன்ற பெரிய லென்ஸ்கள் பலவற்றில் முன்பக்கம் ஃபில்டர் திருகவே இடமில்லை. தேவையான சிறு ஃபில்டரைக் கேமரா பக்கமாகச் செருகும்படி அவற்றை அமைக்கிறார்கள்.

எஞ்சுவது காவல் வேலை. கீழே விழுந்தால் லென்ஸைக் காக்கும் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஃபில்டர் கண்ணாடி மெல்லியது; லென்ஸின் முன்கண்ணாடியை ஒன்றும் செய்யாத ஓர் அடியில்கூட அது உடைந்து, அதன் சில்லுகளே முன்கண்ணாடியைக் கீறக்கூடும். மோதலைத் தாங்குவதற்கு, லென்ஸின் முனையைச் சுற்றி மாட்டும் மறைப்பான ஹூட் மேலானது; பக்கவாட்டு வெயிலை மறைத்துப் படத்தையும் காக்கும் ஒரே பொருள் அதுவே. முன்கண்ணாடியில் ஏற்படும் சிறு கீறலைப் பற்றிய அச்சமும் மிகையானது. அது குவியத்துக்கு வெகு தொலைவில் இருப்பதால், எதிர்வெயில் தவிர மற்ற நேரங்களில் படத்தில் தெரிவதே இல்லை.

ஆனால் கடற்கரைக்கு வந்தால் என் கருத்து மாறும். தேங்காப்பட்டணத்திலோ முட்டத்திலோ பாறையில் அலை அடித்துச் சிதறும் இடத்தில், சற்று நேரத்திலேயே கண்ணாடிமேல் உப்புப் படலம் படியும். மாலைச் சூரியனை நோக்கினால் அந்தப் படலமே படத்தை மங்கச் செய்யும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து பூச்சைத் தேய்த்துவிடும். ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கலாம். லென்ஸை அப்படிச் செய்ய முடியாது. தமிழக எல்லையில் செம்மண் தடத்தில் ஓடும் திறந்த ஜீப்பிலும், அருவிச் சாரலிலும் இதே நியாயம் பொருந்தும். கேனானின் 17-40 மி.மீ. போன்ற சில லென்ஸ்களில், தூசும் நீரும் புகாத அமைப்பு முழுமையடைய முன்னால் ஃபில்டர் மாட்ட வேண்டும் என்று நிறுவனமே கையேட்டில் சொல்கிறது. இங்கெல்லாம் வேண்டியது நல்ல பூச்சுள்ள தெளிவான கண்ணாடி. அதன்மேல் யூவி என்று எழுதியிருக்கிறதா, புரொடெக்டர் என்று எழுதியிருக்கிறதா என்பது டிஜிட்டலுக்குப் பொருட்டன்று. ஃபிலிம் எடுப்பவர் மட்டும் யூவி என்பதைத் தேடி வாங்கலாம்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க எளிய வழிகள் உள்ளன. ஃபில்டரை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், பூச்சில்லாததில் விளக்கு வெள்ளை வெளேரென்று தெரியும். நல்ல பூச்சுள்ளதில் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தச் சோதனைதான். புற ஊதாவைத் தடுக்கிறதா என்று அறிய, கல்லாவில் ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் ஊதா விளக்கை நோட்டின்மேல் காட்டி, இடையில் ஃபில்டரைப் பிடித்து, நோட்டில் ஒளிரும் இழைகள் மங்குகின்றனவா என்று பார்ப்பவர்கள் உண்டு. கருத்து சரியே, ஆனால் மலிவான விளக்குகள் 395 நானோமீட்டர் அளவில் ஒளிர்வதால், 370-இல் வெட்டும் நேர்மையான ஃபில்டரும் அதில் தோற்றதுபோல் தோன்றும். 365 நானோமீட்டர் விளக்கில்தான் அந்தச் சோதனை செல்லும். வாங்கும்போது 67, 77 என்று லென்ஸில் குறித்துள்ள விட்டத்தைப் பார்ப்பதோடு, அகலக் கோண லென்ஸுக்கு மெல்லிய சட்டம் உள்ளதாகக் கேட்க வேண்டும். தடித்த சட்டமும் அதன்மேல் சிபிஎல்லும் சேர்ந்தால் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுவிடும். சிபிஎல் மாட்டுவதற்கு முன் யூவியைக் கழற்றிவிடுவதே முறை.

மலைப் பகுதியில் ஃபில்டரை லென்ஸிலேயே நிரந்தரமாக விட்டுவைப்பதில் இன்னொரு தீங்கு ஒளிந்திருக்கிறது. சின்னக்கல்லாறு போன்ற பெருமழை இடங்களைச் சுற்றி வாழ்பவர்களுக்கு லென்ஸில் பூஞ்சை படர்வது புதிதன்று. நனைந்த கையோடு மாட்டிய ஃபில்டருக்கும் முன்கண்ணாடிக்கும் இடையே அகப்பட்ட ஈரம், பையின் இருட்டில் வாரக்கணக்கில் உலராமல் கிடந்தால், பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு அமையாது. மழை நாளில் எடுத்து முடித்த பிறகு ஃபில்டரைக் கழற்றி இரண்டையும் தனித்தனியே உலரவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. நீல நிறம் மாறிய பொட்டலத்தைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அலுமினியச் சட்டங்கள் உப்பும் ஈரமும் பட்டு மரையில் இறுகிக்கொள்ளும். பித்தளைச் சட்டங்களில் அந்தத் தொல்லை குறைவு. இறுகியதை விரல்களால் இரு பக்கமும் அழுத்தித் திருகினால் வட்டம் நசுங்கி இன்னும் இறுகும். சட்டத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, உள்ளங்கையை முழுதாக வைத்து, அழுத்தாமல் இடப்பக்கமாகச் சுழற்றினால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும்.